கண் நன்றாகத்தான் இருக்கிறது, வரி ஏன் தவறுகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. நாம் கதை சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். ஆனால் தானே படிக்கும்போது வரி விட்டு வரி தாவுகிறாள். சொல்லின் முன்பாதியைப் படித்துவிட்டு மீதியைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறாள். 'வந்தார்கள்' என்று இருந்தால் 'வந்தான்' என்கிறாள். கண் டாக்டர் பார்வையில் குறை இல்லை என்றுவிட்டார். வகுப்பில் கவனக்குறைவு என்கிறார்கள். நானும் 'கவனமாப் படி' என்று தினமும் சொல்கிறேன், அவள் அழுதுவிடுகிறாள். இப்போது ஒருவர், கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் மூன்றே மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார். சேர்க்கலாமா? கண் நன்றாக இருக்கும்போது படிப்பு மட்டும் ஏன் இப்படி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது சேர்க்க வேண்டாம். என்ன பரிசோதித்தார்கள், எந்தக் குறைக்காக அந்தப் பயிற்சி என்று யாரும் உங்களுக்குச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. குறை எது என்று தெரியாமல் மருந்து வாங்குவது போலாகிவிடும். கண் பயிற்சி உண்மையிலேயே உதவுகிற ஒரு நிலைமையும் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து, 'கவனமாப் படி'. வாசிப்பில் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பரிசோதிப்பது என் வேலை. என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு முகம் வாடாதவர்கள் குறைவு. 'கவனம்' என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. மனம் ஒரு வேலையில் நிலைத்து நிற்பது ஒன்று. மற்றது பார்வைக் கவனம்: கண் முன்னால் கிடக்கும் நூறு எழுத்துகளில் மூளை எதை எடுக்கிறது, எதை ஒதுக்குகிறது, எந்த வரிசையில் எடுக்கிறது என்பது. முதல் கவனம் குறைந்த பிள்ளை ஜன்னலைப் பார்க்கும். இரண்டாவது தடுமாறுகிற பிள்ளை புத்தகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனாலும் வரி தவறும். கதையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பெண்ணிடம் முதல் கவனம் இல்லை என்று நான் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன்.

சரி, ஒரு வரியைப் படிக்கும்போது என்னதான் நடக்கிறது? வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் கண் தாவித் தாவித்தான் போகிறது. 1870களின் கடைசியில் பாரிஸில் லூயி எமீல் ழவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தது இது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் வினாடி நிற்கும், பிறகு ஒரு தாவல். தாவலுக்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்குதான் ஆகும், அந்த நேரத்தில் நாம் எதையும் படிப்பதில்லை. நின்ற இடங்களில் எடுத்த துண்டுகளை மூளை ஒட்டித் தருகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அச்சடித்த ஒரு தாளின் நடுவில் பென்சில் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். நன்றாகப் படிக்கும் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து, எழுத்துள்ள பக்கம் அவரைப் பார்த்திருக்கும்படி தாளைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஓட்டை வழியாக அவர் கண்ணைப் பாருங்கள். கருவிழி டக் டக்கென்று நகரும், வரி முடிந்ததும் ஒரே வீச்சில் மறு ஓரத்துக்கு ஓடி வரும். நடுநடுவே ஓரடி பின்னாலும் போகும். அது தப்பில்லை. தேர்ந்த வாசகர்களுக்கே பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கித்தான் போகிறது. படித்ததைத் திரும்பப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டால் புரிதல் குறைகிறது என்று 2014இல் ஒரு பரிசோதனையில் தெரிந்தது. இதே தாளை அப்புறம் உங்கள் மகளிடம் விளையாட்டாகக் காட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லிலும் அந்தச் சின்னக் கண் படும் பாட்டைப் பார்த்தபின் அவளிடம் 'கவனமில்லை' என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது.

கண் நின்று நின்று போவதற்குக் காரணம் விழித்திரையின் அமைப்பு. அதன் நடுவில் ஃபோவியா என்ற சிறு பள்ளம் இருக்கிறது, நுணுக்கமாகப் பார்ப்பது அங்கேதான். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் கூர்மையான பார்வையின் எல்லை. அதைத் தாண்டியதெல்லாம் படிப்படியாக மங்கல். ஆகவே அடுத்த தாவல் எங்கே விழ வேண்டும் என்பதை, அந்த இடம் மங்கலாகத் தெரியும்போதே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுப்பது பார்வைக் கவனம். கண் போய்ச் சேருவதற்கு முன்பே அது அங்கே போய் நிற்கிறது.

கண் ஓரிடத்திலும் கவனம் வேறிடத்திலும் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தன்னையே வைத்து இதைச் சோதித்தார். இருட்டில் எழுத்துகள் நிறைந்த ஒரு தாள், நடுவில் ஊசித்துளை அளவு வெளிச்சம். கண்ணை அந்தத் துளையை விட்டு அசைக்காமல், 'இந்த மூலையைப் பார்க்கப்போகிறேன்' என்று மனத்துக்குள் மட்டும் தீர்மானித்துக்கொள்வார். ஒரு மின்பொறி, கண்ணை அசைக்கக்கூட நேரமில்லாத ஒரு கணம், தாள் முழுவதும் ஒளிரும். தீர்மானித்த மூலையின் எழுத்துகள் அவருக்குத் தெரிந்தன, மற்றவை கைக்கு எட்டவில்லை.

வாசிப்பில் இதை அளந்து பார்த்தது 1975 வாக்கில். ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் திரையில் கண் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் எழுத்துகளை விட்டுவைத்து மற்றதை மறைத்தார்கள். கண் நகர்ந்தால் அந்த ஜன்னலும் கூடவே நகரும். ஆங்கிலம் படிப்பவருக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும், வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்து வரையும் பயன்படுகின்றன என்று தெரிந்தது. இப்படி ஒருபக்கமாகச் சாய்வது கண்ணின் அமைப்பால் வந்ததல்ல. வலமிருந்து இடமாக எழுதும் ஹீப்ரூவைப் படிப்பவர்களுக்கு 1981இல் இதையே செய்தபோது சாய்வு இடப்பக்கமாக இருந்தது. கண் அதே கண், கவனம்தான் படிக்கும் திசையில் முன்னால் ஓடுகிறது. இன்னொரு பரிசோதனையில், கண் ஒரு சொல்லின் மேல் வந்து பதினைந்தில் ஒரு பங்கு வினாடி ஆனதும் அந்தச் சொல்லையே அழித்துவிட்டார்கள். படிப்பு ஏறக்குறைய தடைபடவில்லை! ஆனால் பக்கத்தில் வரவிருக்கும் சொல்லை அழித்தபோது வேகம் குறைந்தது. முன்னால் எட்டிப் பார்ப்பது வாசிப்புக்கு எவ்வளவு தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

உங்கள் மகளுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. இந்த ஜன்னல் பிறக்கும்போதே முழு அகலத்தில் கிடைப்பதில்லை. படிக்கத் தொடங்கும் குழந்தைக்குக் குறுகலாக இருந்து, ஆறாம் வகுப்பு வாக்கில்தான் பெரியவர்கள் அளவை எட்டுகிறது. இன்னொன்று: கண் நிற்கும் சொல் கடினமாக இருந்தால் பெரியவர்களுக்கே ஜன்னல் சுருங்கிவிடுகிறது. கவனம் முழுவதையும் அந்த ஒரு சொல்லே எடுத்துக்கொள்கிறது, முன்னால் பார்ப்பதற்கு மிச்சமில்லை. எழுத்தை ஒலியாக மாற்றுவதே பாரமாக இருக்கும் குழந்தைக்கு எல்லாச் சொல்லும் கடினச் சொல்தான். வரி தவறுவதும் சொல்லின் வால் விடுபடுவதும் அந்தப் பாரத்தின் விளைவாகவும் இருக்கலாம். வெளியே தெரிவது கண்ணின் தடுமாற்றம், மூலம் வேறிடத்தில் இருக்கலாம். நான் பயிற்சியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

நெரிசல் என்று ஒன்றும் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து நாலு விரல் தள்ளி 'ழ' என்று எழுதுங்கள். புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாலும் ழ தெரியும். இப்போது அதன் இருபுறமும் ஒட்டி ள, ல போடுங்கள். ழ அதே அளவில், அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் மூன்றும் குழைந்து ஒரு கொத்தாகத் தெரியும். பார்வைக் கூர்மை போதாமல் வருவதல்ல இது. அடுத்தடுத்த உருவங்களை மூளை பிரித்தெடுக்க முடியாமல் போவது. கண் டாக்டரின் அட்டையில் எழுத்துகள் இடைவெளி விட்டு நிற்கும், அங்கே நன்றாகப் படித்துவிட்டுப் புத்தகத்தில் தடுமாறுவதில் முரண் எதுவும் இல்லை. டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறை இல்லாமலே வாசிப்பு மட்டும் கடினமாகிற நிலை, உள்ள குழந்தைகளில் பலருக்கு நெரிசல் கூடுதலாகத் தொல்லை தருகிறது. எழுத்துகளின் இடைவெளியை மட்டும் கூட்டிக் கொடுத்தபோது எந்தப் பயிற்சியும் இல்லாமலே அவர்கள் மேலும் சரியாகவும் வேகமாகவும் படித்தார்கள் என்று 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு சொல்லிற்று.

இதில் மூளையின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துகளை அடையாளம் காணும் இடம் மூளையின் இடப் பாதியில், பின்பக்கம் அடியில் இருக்கிறது. 1892இல் பிரெஞ்சு மருத்துவர் தெஜெரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்: பேசினார், எழுதினார், ஆனால் தாமே எழுதியதைக்கூடப் படிக்க முடியவில்லை. அந்தப் பகுதிக்கு எழுத்து போய்ச் சேரும் வழி அறுந்திருந்தது. ஆனால் அந்தப் பகுதி தன்னிடம் வந்ததைத்தான் அடையாளம் காணும். எதை அனுப்புவது, எந்த வரிசையில் அனுப்புவது என்பது உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே உள்ள பரைட்டல் பகுதியின் பொறுப்பு. கண்ணைத் தாவவைக்கும் முன்மூளைப் பகுதியோடு சேர்ந்து அது வேலை செய்கிறது. வலப் பக்கத்துப் பரைட்டல் பகுதி பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் சிலர், பார்வை இருந்தும் ஒவ்வொரு வரியின் இடப் பாதியை விட்டுவிட்டுப் படிப்பார்கள். இருபக்கமும் பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றி 1909இல் ஹங்கேரிய மருத்துவர் பாலின்ட் எழுதினார். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் தெரியும், பக்கம் முழுக்க எழுத்து இருந்தும் பக்கம் என்று ஒன்று இருக்காது. உங்கள் மகளுக்கு இப்படி எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். படிப்பதில் பார்ப்பதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். 'கெ' என்று எழுதினால் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது, அதன் ஒலியோ க-வுக்குப் பின்னால் வருகிறது. 'கொ'வில் ஒலியின் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. குழந்தை கொம்பைப் பார்த்தவுடன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்தைப் பார்த்து, திரும்பி வந்து சேர்க்க வேண்டும். ஒரு சின்னப் புள்ளி 'கல'வைக் 'கல்' ஆக்கிவிடுகிறது. 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பதில் பதினான்கு எழுத்து. கண் ஒரே நிறுத்தத்தில் அத்தனையையும் அள்ள முடியாது, சொல்லுக்குள்ளேயே மறுபடி நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்று வெற்றிடம் காட்டிக் கொடுக்காது. அதுவும் யார் செய்தார், எத்தனை பேர், எப்போது, செய்தார்களா இல்லையா என்பதெல்லாம் தமிழில் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. 'போகவில்லை'யின் வால் விடுபட்டால் கதையே தலைகீழ். உங்கள் மகள் 'வந்தார்கள்' என்பதை 'வந்தான்' என்று முடிப்பது சோம்பல் இல்லை. கைக்குக் கிடைத்த முன்பாதியை வைத்துக்கொண்டு, மொழியறிவால் ஒரு வாலைத் தேடி ஒட்டுகிறாள். எனக்கு அது புத்திசாலிப் பிள்ளையின் சமாளிப்பாகத்தான் தெரிகிறது.

சிக்கல் எங்கே என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். அவள் தடுமாறிய பத்தியிலிருந்து இருபது சொல் எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் பெரிதாக எழுதி, இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அட்டையில் சரியாகப் படித்துப் பத்தியில் மட்டும் தவறினால் நெரிசல், வரி, கவனம் பக்கம் சந்தேகம் போகும். பக்கத்துச் சொல்லின் எழுத்தோ மேல் வரியின் எழுத்தோ வந்து கலந்தால் அதையும் குறித்து வையுங்கள், பரிசோதிப்பவருக்கு அது பெரிய துப்பு. அட்டையிலும் தவறினால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இணைப்பு இன்னும் கெட்டிப்படவில்லை என்று அர்த்தம். அதை உறுதிசெய்ய, 'தெமிடு', 'கொணுபை' என்று அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கச் சொல்லுங்கள், ஊகித்து முடிக்க வழியில்லை. புத்தகமே இல்லாமல் காதால் மட்டும் கேட்டும் பார்க்கலாம்: 'பலகை'யில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? இதிலும் திணறினால் கண்ணை ஆராய்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஏனென்றால் டிஸ்லெக்சியாவில் மிக அதிகமாக, மிக உறுதியாக நிறுவப்பட்டது ஒலிகளைப் பிரித்தறிவதில் உள்ள பலவீனம்தான். பார்வைக் கவனமும் ஒரு காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. பிரான்ஸில் சில்வியான் வால்துவா குழுவினர், ஐந்து எழுத்துகளை ஐந்தில் ஒரு வினாடி மட்டும் காட்டி எத்தனையைச் சொல்ல முடிகிறது என்று பார்த்தார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒலியில் குறை இல்லாமல் இதில் மட்டும் குறை இருந்தது. எதிர்த்தரப்பு, அதிகம் படிக்காததால்தான் கவன ஜன்னல் குறுகியதோ என்று கேட்கிறது. எழுத்தறிவு வந்தபின் மூளையின் பார்வைப் பகுதிகளே மாறுகின்றன என்பது உண்மை என்பதால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. என் அனுபவத்தில் இரண்டு வகைப் பிள்ளைகளும் வருகிறார்கள், இரண்டும் கலந்தவர்கள்தான் அதிகம்.

கண் பயிற்சிக்கு வருகிறேன். பக்கத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஒரே புள்ளியில் குவியத் தடுமாறும் நிலைமை ஒன்று உண்டு. எழுத்து இரண்டாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். அதற்கு, முறைப்படி தரும் கண் பயிற்சி பலன் தருகிறது. ஆனால் அதைச் சரிசெய்ததால் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடவில்லை என்று 2019இல் வெளியான பெரிய பரிசோதனை காட்டியது. டிஸ்லெக்சியாவுக்குக் கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் பலன் தருவதாக ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009இல் சேர்ந்தே அறிவித்தன. வேகமான வீடியோ கேம் விளையாடவிட்டால் வாசிப்பு முன்னேறுகிறது என்று 2013இல் இத்தாலியில் ஒரு ஆய்வு வந்தது. மிகச் சில குழந்தைகளிடம் செய்தது, அதை நம்பி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, கண் டாக்டரிடம் இன்னொரு முறை போய், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறனையும் இரு கண்ணும் குவிவதையும் பார்த்தீர்களா என்று கேட்பது. தூரத்து அட்டை மட்டும் போதாது.

அதற்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைப் பரிசோதிக்கும் உளவியலாளரிடம் முழுப் பரிசோதனை. ஏ.டி.எச்.டி., அதாவது மனம் ஒன்றில் நிலைக்காமல் துறுதுறுப்பாக இருக்கும் நிலை, இருக்கிறதா என்பதையும் அவர் பார்த்துவிடுவார். அதுவும் வாசிப்புச் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் இருப்பது அபூர்வமில்லை. எழுத்து-ஒலி இணைப்பில் குறை என்று வந்தால் அதை ஒழுங்காக, படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பதுதான் வைத்தியம். தினமும் கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் பக்கத்தை எளிதாக்குங்கள். பாடத்தைப் பெரிதாக நகல் எடுங்கள், தட்டச்சு செய்ய முடிந்தால் எழுத்துக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி கூட்டி, வரியைக் குட்டையாக்குங்கள். விரல் வைத்துப் படிக்கட்டும், கூடாது என்று தடுக்காதீர்கள். வரி தவறினால் ஒரு கெட்டி அட்டையைப் படிக்கும் வரிக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மேலே வைத்து மறைத்தால் திரும்பப் பார்க்க வழியில்லாமல் போகும். சொல்லின் வால் விடுபட்டால் 'தப்பு' என்று சொல்லாமல், அந்த வாலைப் பென்சிலால் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருங்கள். அவளே திருத்திக்கொள்வாள். வகுப்பாசிரியரிடம் போய், எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம் என்றும், முந்தின நாளே பத்தியைக் கொடுத்துவிடும்படியும் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் காரணம் தெரிந்தால் ஒத்துழைக்கிறார்கள்.

கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள் என்றீர்கள். கதை சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். அவள் வயதுக்குரிய புத்தகங்களை, அவளால் இன்னும் தானே படிக்க முடியாதவற்றையும், ராத்திரி நீங்கள் படித்துக் காட்டுங்கள். புத்தகம் அவள் மடியிலும் உங்கள் விரல் வரியிலும் இருக்கட்டும். படிப்பு எளிதாகிற வரைக்கும் சொற்களும் கதைகளும் அவளுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். பரிசோதனைக்குப் போகும்போது அந்த இருபது அட்டைகளையும், எங்கெங்கே தவறினாள் என்று எழுதி வைத்த நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.